பத்தாவது ஓட்டை

கிளட்ச் கவர் கேஸ்கெட்
கழற்றும்போதே மூன்றாய்ப் பிய்ந்தது.
துண்டுகளைச் சேர்த்து
வெள்ளிக்கிழமைப் பேப்பர்மேல் வைத்து
உள்ளங்கையால் அழுத்தினேன்.
எடுத்தபோது எண்ணெயில் ஒரு வளையம்,
சுற்றிலும் பத்து ஓட்டை.
நடுவே, கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தில்,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர்
நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருப்பாதிரிப்புலியூரில் மூன்று கடை.
வண்டி பேர் கேட்டார்கள், சொன்னேன்.
எந்த வருஷம், சொன்னேன்.
எந்த மாசம்?
எனக்கு ஜாதகம் கேட்டு வந்தபோதுகூட
அம்மா இவ்வளவு திணறவில்லை.

பேர் ஒன்றுதான்,
டேங்கில் ஒட்டின ஸ்டிக்கரும் ஒன்றுதான்.
பதினொன்று ஆகஸ்டுக்கு முன்னாடி ஒரு வண்டியாம்,
பின்னாடி வேறு வண்டியாம்.

"கிக்கரா, செல்ஃபா?"
"ரெண்டும் இருக்கு."
"அப்ப புதுசு."
"முன்னாடி டிரம் பிரேக்."
"அப்ப பழசு."
சந்தேகம் தீராமல் எழுந்து வந்து
வண்டி நிற்கும் என்று நினைத்த இடத்தைப் பார்த்தார்.
கரும்பு ஜூஸ்காரர் நின்றிருந்தார்.

பாண்டியில் கிடைக்கும் என்றார்கள்.
கிடைக்கும் என்ற சொல்லுக்குக் கடலூரில்
இருபத்திரண்டு கிலோமீட்டர் நீளம்.

நெல்லித்தோப்பு, மைமூன் ஆட்டோஸ்.
கவுண்டரில் இருந்த பெண் எதுவும் கேட்கவில்லை.
பேப்பரை விரித்து
புது கேஸ்கெட்டை வளையத்தின்மேல் இறக்கினாள்.
பென்சில் முனையை ஓட்டை ஓட்டையாக விட்டு எண்ணினாள்.
ஒன்பது வரை எண்ணெய்.
பத்தாவதில்
பென்சில் வெறும் பேப்பரைக் கிழித்தது.
"மூணு மில்லி நகர்த்திட்டான்," என்றாள்
அவனை நேரில் தெரிந்ததுபோல.

யார் அவன்?
எங்கோ ஓர் ஏசி அறையில், ஒரு செவ்வாய்க்கிழமை,
டீ வருவதற்குள்
கம்ப்யூட்டரில் ஒரு சின்ன வட்டத்தைப் பிடித்து
கொஞ்சம் தள்ளி விட்டிருப்பான்.
காரணம் இருந்திருக்கும்.
போல்ட் எதிலாவது இடித்திருக்கலாம்.
சுருட்டிய பேப்பரோடு
நெல்லித்தோப்பு வெயிலில் ஒருத்தன்
பஸ்ஸுக்கு நிற்பான் என்பது
அவன் கணக்கில் வர நியாயமில்லை.

பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி ஆல்பேட்டை செக்போஸ்ட்.
கான்ஸ்டபிள் ஏறினார்.
பாண்டியிலிருந்து வருகிறவன் மடியில்
சுருட்டின பேப்பர் இருந்தால்
உள்ளே என்ன இருக்கும் என்று ஊருக்கே தெரியும்.
பிரித்தார்.
பாட்டில் இல்லை.
விரலை மோந்து பார்த்தார்.
"கிளட்ச் கவரா?" என்றார்.
குரல் மாறிவிட்டிருந்தது.
"என்னுதும் அதே வண்டி. பத்துல எடுத்தது.
கடை கடையா ஏறாத.
ஷீட் வாங்கு, கவர் மேலயே வை,
விளிம்பைச் சுத்தியால லேசா தட்டு.
இரும்பே வெட்டிக் குடுத்துடும்."
டிரைவர் ஹாரன் அடித்தார்.
பேப்பரில் அவர் கட்டைவிரல்
பதினொன்றாவது ஓட்டையாய்ப் பதிந்திருந்தது.

ஷீட் நாற்பத்தைந்து ரூபாய்.
ராத்திரி பதினொன்றரை வரை தட்டினேன்.
எதிர்வீட்டு எழில்மங்கை கதவைத் திறந்தாள்,
என்னைப் பார்த்தாள், சுத்தியலைப் பார்த்தாள்,
மூடிக்கொண்டாள்.
ஒவ்வொரு ஓட்டைக்கும்
பழைய பேரிங் குண்டு ஒன்றை வைத்து ஒரே அடி.
குட்டி வட்டங்கள் துள்ளித் துள்ளித் தரையில் விழுந்தன.
பத்தாவதைக் கடைசியாக வைத்துக்கொண்டேன்.
அது, அது இருந்த இடத்திலேயே இருந்தது.

போல்ட்டெல்லாம் குறுக்கும் நெடுக்குமாய் முறுக்கி
எண்ணெய் ஊற்றி
அதே பேப்பரை எஞ்சினுக்குக் கீழே விரித்துவிட்டுப் படுத்தேன்.

விடிகாலை டார்ச் அடித்துப் பார்த்தால்
அஞ்சலிப் படத்தின் காதோரம்
ஒரு சொட்டு.
பழசா, புதுசா,
குனிந்து பார்த்தும் தெரியவில்லை.
சிப்காட்டில் ஆறு மணி ஷிப்ட்.
உதைத்தேன்.