குதிரைக் காலண்டர்

ஆ லெங் கடையில் சும்மா கொடுத்த காலண்டர்.
பந்தயம் ஓடுகிற நாள்களில்
எண்ணுக்குப் பக்கத்தில் குட்டியாய் ஒரு குதிரை.
மகன் வெளிக்குப் போன நாள்களில்
நீலப் பேனாவால் நான் போடும் ஒரு வட்டம்.
இந்த வாரம்
குதிரை இரண்டு முறை ஓடிவிட்டது.
வட்டம் ஒன்றுகூட இல்லை.

ஜெலுத்தோங்கில் பதினோராம் மாடி எங்களுக்கு.
புவனேஸ்க்கு பாயான் லெப்பாஸில் இரவு வேலை.
கிளம்பும்போது கதவில் நின்று கேட்பாள்:
"போனானா?"
விடிந்து திரும்பி, சப்பாத்தைக் கழற்றுமுன் கேட்பாள்:
"போனானா?"
பசியாறினாயா என்று
நாங்கள் ஒருவரையொருவர் கேட்டு
மாதம் ஒன்றாகிறது.

அவனுக்கு வராமல் இல்லை.
வரும்போதெல்லாம் திரைச்சீலைக்குப் பின்னால் ஓடி
நுனிக்காலில் நின்று
சுவரைப் பிடித்துக்கொண்டு இறுக்குவான்.
வாசலில் கடன்காரன் தட்டும்போது
உள்ளே விளக்கை அணைத்துவிட்ட வீடு மாதிரி
மூச்சுக் காட்டமாட்டான்.
முகம் மட்டும் சிவந்து சிவந்து வரும்.
போன தடவை வந்தது கல். கிழித்துக்கொண்டு வந்தது.
இரண்டே கால் வயசுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது
என்கிறார்கள்.
இருக்கிறது.
எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

கிளினிக்கில் கேட்டார்கள்,
ஒரு நாளைக்கு எத்தனை போத்தல் பால்?
நான்கு, என்றேன்.
ஐந்தும் ஆறும்
எனக்குள்ளேயே இறுகி நின்றுவிட்டன.
வீட்டில் உட்கார்ந்து கைப்பேசி பழுதுபார்ப்பவன் நான்.
உடைந்த கண்ணாடியை மாற்ற
இருபது நிமிட அமைதி வேண்டும்.
ஒரு போத்தல் பாலுக்கு
இருபத்தைந்து நிமிடம் கிடைக்கும்.

பாலைக் குறைத்தோம்.
பப்பாளியைத் துப்பினான்.
கங்கோங் கீரையை ஒவ்வொரு இலையாய்
சோற்றிலிருந்து பிரித்து என் தட்டில் வைத்தான்,
மிக மரியாதையாக.
ஓட்ஸ் கஞ்சி மீன்தொட்டிக்குள் போனது.
வெள்ளை ரொட்டி மட்டும் கேட்டு
தரையில் புரண்டான்.
புதன்கிழமை பாசார் மாலத்தில்
தள்ளுவண்டிக்காரி பாதி வெட்டி நீட்டினாள்
ஒரு டிராகன் பழம்.
கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு
குடைந்து குடைந்து தின்றான்,
காதுவரைக்கும் சாயம்.
இன்னொன்று, என்றான்.
வாங்கினேன்.

வியாழன் காலை நேப்பி நிறைந்திருந்தது.
ஆறு நாள் காத்திருந்த இருவரும்
அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டியவர்கள்,
அலறினோம்.
சிவப்பு. ஓரமெல்லாம் சிவப்பு.
புவனேஸ் சீருடையைக்கூட மாற்றவில்லை.
நேப்பியைச் சுருட்டி
பிளாஸ்டிக் பையில் இரண்டு முடிச்சுப் போட்டு
மடியில் வைத்துக்கொண்டு கார் ஏறினோம்.
ஓட்டுநர் ஒன்றும் கேட்கவில்லை.
நான்கு கண்ணாடியையும் இறக்கினார்,
வெளியே நல்ல மழை.

மிசி கையுறை போட்டு, முடிச்சவிழ்த்து,
கொஞ்சம் பார்த்துவிட்டு
மலாயில் கேட்டாள்:
"மாக்கான் அப்பா?"
என்ன தின்றான் என்றுதான் கேட்டாள்.
மகன் விரலை நீட்டி
என்னைக் காட்டினான்.

அவள் சிரிப்பு அடங்குவதற்குள்
எனக்குப் பழம் ஞாபகம் வந்துவிட்டது.
ரத்தமில்லை, வெறும் சாயம்.
புவனேஸ் அங்கேயே
நீல நாற்காலியில் உட்கார்ந்தபடி
தூங்கிப்போனாள்.

வட்டம் போட்டேன்.
அந்த நாளில் குதிரை இல்லை.

இன்று சாயங்காலம் மறுபடி
திரைச்சீலைக்குப் பின்னால் போனான்.
மேசையில் யாருடைய போனோ திறந்து கிடக்கிறது,
திருகாணிகள் மூடியில்.
திரைக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தேன்.
"தண்ணி வேணுமா?"
"வேணாம்."
கொஞ்ச நேரம் கழித்து,
"அப்பா போ."
போகவில்லை. போத்தலையும் எடுக்கவில்லை.
திரைக்குக் கீழே
தூக்கி நின்ற இரண்டு குதிகாலில்
ஒன்று
தரையைத் தொட்டது.