நிறுவை நூதனசாலை

விடியப்புறம் ஐந்தரைக்கு, உப்புவெளிக் கரையில்,
அஜ்வத் எங்களை ஆளாளாய்ப் பார்த்தான்.
"அண்ணன் நடுவில. அக்கா முன்னுக்கு.
தம்பி என்ர பக்கத்தில."
படகு சரியாமலிருக்க
கண்ணாலேயே எடை பார்த்துவிட்டான்.

இரண்டு மணித்தியாலம் ஒன்றுமில்லை.
கோணேசர் மலை நகக்கீறலாய்ச் சிறுத்தது.
தயாபரன் மூன்று தரம் கேட்டுவிட்டார்,
காணாவிட்டால் காசில் பாதி திரும்புமா என்று.
நான் விளிம்பில் தலை கவிழ்த்து
காலையில் தின்ற பணிசைக்
கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த நேரம்
அது வந்தது.

வாலைக் கண்டவர்கள் பின்னால் இருந்தவர்கள்.
நான் கண்டது
முகத்துக்கு நேர் கீழே
தண்ணீர் நிறம் மாறியதை:
கரும்பச்சை, பிறகு வெளிர்நீலம்,
வெளிர்நீலம், வெளிர்நீலம்,
முடியவேயில்லை,
அடியில் யாரோ ஒரு றோட்டை
இழுத்துக்கொண்டு போவதுபோல.
எல்லாரும் கத்தினார்கள்.
துவாரகன் கத்தவில்லை.
"அம்மா, இது எத்தனை கிலோ?"

மத்தியான வெயிலுக்கு ஒதுங்கத்தான்
உட்துறைமுகத்துக்குப் பின்னால்
அந்தப் பழைய கிட்டங்கிக்குள் நுழைந்தோம்.
ஆளுக்கு நூறு ரூபாய்.
காற்றாடி ஒன்று, தராசுகள் நானூறு.
பொன் நிறுக்க, கடிதம் நிறுக்க,
கொப்பறா நிறுக்க,
பிறந்த பிள்ளையை நிறுக்க ஒரு வெள்ளைத் தட்டு,
விளிம்பில் எனாமல் உதிர்ந்து.
பொறுப்பாக இருந்த மரியநாயகி
எதையும் விளக்கவில்லை.
"தொடலாம். தூக்கத்தான் ஏலாது."

மூலையில் பச்சை இரும்புத் தராசு.
கீழே ஒரு அட்டை:
மூதூர் இறங்குதுறை, சோதனைச்சாவடி.
வருடம் போடவில்லை.

படகில் விலை பேசிய வாய்
அதன் முன்னால் மூடிக் கிடந்தது.
பிறகு சொன்னார், எனக்கில்லை, தராசுக்கு:
"சவுக்காரம் ரெண்டு கட்டி.
பற்றரி இல்லை.
சீனி ஒரு கிலோ.
கூட இருந்ததை மணலில கொட்டச் சொன்னவங்கள்.
அப்பா கொட்டினவர்.
எறும்பு எந்தப் பக்கத்தால வந்ததெண்டும்
எனக்கு ஞாபகம்."

பதினாறு வருடக் கலியாணத்தில்
இந்தச் சீனியை நான் கேள்விப்பட்டதில்லை.

"ஏறட்டா?" என்றான் மகன்.
"ஏறும் தம்பி," என்றார் மரியநாயகி,
பேப்பரிலிருந்து நிமிராமலே.
"அது பொய்த் தராசு.
எப்பவும் ரெண்டு கிலோ கூடத்தான் காட்டும்."

தயாபரன் சிரித்தார்.
சிரித்து முடிய
நெடுநேரம் எடுத்தது.
மரியநாயகி எழும்பி
காற்றாடியை அவர் பக்கம் திருப்பிவிட்டார்.

பஸ் நிலையத்தடித் தேத்தண்ணிக்கடை.
நுழைவுச்சீட்டின் பின்புறம்
துவாரகன் கிலோ எழுதுகிறான்,
ஒன்றும் அதன் பின்னால் சைபர்களும்.
சீட்டு முடிந்து
மேசையில் எழுதத் தொடங்குகிறான்.

"பிளேன் ரீ," என்கிறார் தகப்பன்.
"சீனி மூன்று கரண்டி."

போன மாத இரத்தப் பரிசோதனைத் துண்டு
என் கைப்பைக்குள்தான் இருக்கிறது.
நான் பையைத் திறக்கவில்லை.