சலவைக் கணக்கு

செந்தூல் பாசாரில் என் டோபிக் கடைக்கு
காற்பந்து முடிந்த இரவு மூன்று மூட்டை வரும்.
யார் ஜெயித்தார்கள் என்று கேட்கமாட்டேன்.
அவிழ்த்தாலே தெரியும்.

கோச் ஸைனல் இருந்த நாளில்
முன்வரிசைப் பையன்களின் ஜெர்சியில் நெஞ்சுவரை செம்மண்.
காற்சட்டையில் புல்லின் பச்சை,
இரண்டு நாள் ஊறினாலும் போகாத பச்சை.
நான்கு போட்டு ஐந்து வாங்குவார்கள்.
தோற்ற இரவிலும் மாமாக் கடையில் நாற்காலி கிடைக்காது,
ரொட்டி வீசுகிறவன்கூட ஆஃப்சைடு பேசுவான்.
என் வீட்டுக்காரர் பரதன் உருமிக் குழுவில்.
திங்கட்கிழமை தோள் வீங்கி
லாரி ஓட்டப் போவார், சிரித்துக்கொண்டே.

பிறகு லூர்துநாதன் வந்தார்.
பழைய இரும்பு வாங்குகிறவர் மாதிரி,
எதையும் தராசில் வைத்துத்தான் பார்ப்பார்.
முதல் வாரமே கடைக்கு வந்து
ஒரு ஜெர்சிக்கு எவ்வளவு சோப்பு என்றார்.
சொன்னேன்.
குறித்துக்கொண்டார்.

மூட்டை இலேசானது.
பின்வரிசை நால்வருக்கு மட்டும் அழுக்கு,
முட்டியில், முழங்கையில், ஒரே உயரத்தில்,
அளவெடுத்துப் பூசியதுபோல.
முன்னால் நிற்பவன் ஜெர்சி
அலமாரியிலிருந்து எடுத்த மாதிரி திரும்பும்.
ஒன்று சுழியம். சுழியம் சுழியம். ஒன்று சுழியம்.
பதினோராம் இடத்திலிருந்து மூன்றாம் இடம்.
மூன்று மாதம் சம்பளம் நின்ற கிளப்பில்
ஏழாம் தேதி தவறாமல் பணம்.
என் பழைய பாக்கி எண்ணூறு ரிங்கிட்டை
உறையில் போட்டு அவரே கொண்டுவந்தார்.
இதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

ஆனால் உருமி வேண்டாம் என்றார்.
தான் கத்துவது பிள்ளைகளுக்குக் கேட்கவில்லையாம்.
பரதன் அதைத் துணியால் போர்த்தி
மடியில் வைத்துக்கொண்டு
தொண்ணூறு நிமிடம் படிக்கட்டில் இருந்துவிட்டு வந்தார்.
"ஜெயிச்சிட்டோம்" என்றார்,
கரண்டு பில் கட்டிவிட்டேன் என்கிற குரலில்.
தீபாவளிக்குப் பிறகு போகவில்லை.
மாமாக் கடையில் நாற்காலி தாராளம்,
டிவியில் எங்கோ குளிர் தேசத்துக்காரர்கள் ஆடுகிறார்கள்.

பதினேழாம் எண் யுகேந்திரன்,
பத்தொன்பது வயது, பெஞ்சிலேயே இருப்பவன்.
அவன் ஜெர்சியில் வியர்வை கிடையாது.
கீழ் ஓரம் மட்டும் நூல் பிரிந்திருக்கும்,
உட்கார்ந்த இடத்தில்
விரலில் சுற்றிச் சுற்றி இழுத்திருக்கிறான்.
பதினாறு வாரம் அதையும் துவைத்தேன்.
பில்லில் சேர்க்கவில்லை.
லூர்துநாதன் எண்ணிப் பார்த்துவிட்டு
"பதினாறு விட்டுப்போயிருக்கு" என்று
காசு வைத்தார்.

நேற்று கடைசி ஆட்டம். ஒரே மழை.
மூட்டையைத் தூக்க முடியவில்லை.
பதினேழைப் பிழிந்தேன்,
வாளித் தண்ணீர் செங்கல் நிறமானது.
கழுத்துப் பக்கம் யாரோ பிடித்து இழுத்த கிழிசல்.
அடியில் ஒரு கறுப்புக் கால்சட்டை,
இடுப்பு அளவு பார்த்தால் ஆட்டக்காரனுடையது இல்லை.
இரண்டு முட்டியிலும் புல்.

விழுந்தாரா, மண்டியிட்டாரா?
கொண்டுவந்த பையன் அதற்குள் போய்விட்டான்.
இத்தனை வருஷத்தில் முதல்முறை
எனக்குக் கேட்கவேண்டும் போலிருந்தது.

பரதனை எழுப்பிக் காட்டினேன்.
பச்சையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்
கட்டிலுக்கடியிலிருந்து உருமியை இழுத்து
ஒரு தட்டுத் தட்டினார்.
தோல் தொய்ந்திருந்தது.
"நாளைக்கு வெயில் வருமா?" என்றார்.