இருபத்தொன்று என்கிறது திரை

பீடோருக்குள் நுழையும்போது மணி ஒன்பதரை.
முன்னால் ஒரு செம்பனை லோரி,
வளைவுக்கு வளைவு பழம் உதிர்த்தபடி.
ஈப்போ தாண்டுவதற்குள் மூன்று முறை அழைத்துவிட்டார் சன்னாசி:
நாளைக்குக் கல்யாணம், அறுநூறு பேர்,
ஓவன் மட்டும் வேலைக்கு வரமாட்டேன் என்கிறதாம்.

ஆளுயர ஓவன். அதன் திரையில்
சிவப்பாக ஓர் எண். இருபத்தொன்று.
கையேட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான், பம்பு.
"ரெண்டு வாட்டி மாத்தியாச்சும்மா. இது மூணாவது."
பழைய இரண்டும் வெங்காய மூட்டைக்குப் பின்னால்
ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன.

பின்தகட்டில் எட்டுத் திருகாணி இருக்க வேண்டும்.
ஏழுதான். எட்டாவதை எனக்கு முன் வந்தவன்
எடுத்துப் போயிருக்கிறான்.

ஷொஹாக் டார்ச்சைப் பிடித்தான்.
மின்சாரம் வருகிறது, இருநூற்று முப்பத்தெட்டு.
சுருள் அறுந்திருக்கவில்லை.
உள்சக்கரம் விரல் பட்டதும் சுற்றுகிறது.
அரை விரல் நீளத்தில் ஒரு சாத்தே குச்சி அகப்பட்டது.
இதுதான், இதேதான் என்று எல்லோரும் மூச்சு விட்டோம்.
பூட்டி ஓட்டினால்
வறட்டு உறுமல். மறுபடியும் இருபத்தொன்று.

பதினொன்றரைக்கு மழை பிடித்துக்கொண்டது.
யாரோ வைத்த தேத்தண்ணி ஆடை கட்டிக் கிடந்தது.

யோசித்துச் செய்தேனா, கோபத்தில் செய்தேனா தெரியவில்லை,
அண்டா கழுவும் வாளியில் பம்பை இறக்கி
நேராக மின்சாரம் கொடுத்தேன்.
தண்ணீர் எகிறிக் கூரைத் தகரத்தைத் தொட்டது.
சன்னாசியின் சட்டை தொப்பல்.
வெங்காய மூட்டைப் பக்கம் கிடந்ததையும் கொண்டா என்றேன்.
முதலாவது எகிறியது.
இரண்டாவது கொஞ்சம் இருமிவிட்டு
அதுவும் எகிறியது.
மூன்றும் நல்ல பம்பு.

அதற்குத் தண்ணீர் யார் கொடுப்பது என்று
இதுவரை யாரும் கேட்கவில்லை.
நானும்தான், இரண்டு மணி நேரமாக.
சட்டியில் இருந்தால்தானே அகப்பையில்?
திரைக்குத் தெரிந்ததெல்லாம் ஓட்டம் இல்லை என்பது.
ஓட்டம் இல்லையென்றால்
ஓடுகிறவன் மேல்தான் பழி.

குழாயைத் தடவிக்கொண்டே பின்னுக்குப் போனேன்.
நீர் நுழையும் வால்வுக்குள் நகக்கண் அளவு ஒரு சல்லடை,
புளி அப்பியது போலச் சேறு.
அதற்கும் முன்னால் வடிகட்டி.
பெரிய சாலையைத் தோண்டிப்போட்ட நாளிலிருந்து
இந்தப் பக்கத்துக் குழாயில் வருவது பாதி மண்.
வெள்ளையாக வாங்கிய திரி
செங்கல் துண்டாக வெளியே வந்தது.
"இத மாத்தவே இல்லியா?"
"மாத்தணும்னு நெனச்சேன்."
நாற்பது வெள்ளி.

டார்ச் வெளிச்சம் சுவரில் ஆடியது.
சன்னாசி அந்தப் பக்கம் போனதும்
ஷொஹாக் மலாயில் சொன்னான், மெதுவாக.
இரண்டாவது பம்புக்கு அவன் சம்பளத்தில் முந்நூறு பிடித்தார்களாம்.
ஓவன் சூடாக இருக்கும்போதே பீய்ச்சிக் கழுவிவிட்டானாம்,
அதனால்தான் கெட்டதாம்.
அந்த வாரம் அவன் காய்ச்சலில் படுத்திருந்தான்.

ஒரு மணிக்கு ஓவன் ஓடியது.
உள்ளே நீர் சுழலும் சத்தம்,
தகரத்தில் மழை, இரண்டும் ஒன்றாய்க் கலந்து.

பாரத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம்.
"பம்புன்னே எழுதிடு தங்கச்சி,
கேரண்டியில போய்டும்."
நான் மலாயில் எழுதினேன், பெரிய எழுத்தில்,
மூன்று படியிலும் பதியும்படி அழுத்தி:
வடிகட்டி அடைப்பு. மூன்று பம்பிலும் குறை இல்லை.
வெள்ளை கம்பெனிக்கு. மஞ்சள் சன்னாசிக்கு.
ரோஸ் தாள் என்னிடம் இருக்க வேண்டியது.
கிழித்து ஷொஹாக்கிடம் கொடுத்தேன்.
ஒரு தடவை படித்தான்,
நாலாக மடித்துக் கைப்பேசியின் உறைக்குள் செருகினான்.
முந்நூறு திரும்பி வருமா, எனக்குத் தெரியாது.

வேனைக் கிளப்பி, முனை திரும்பும்போது
எட்டாவது திருகாணி ஞாபகம் வந்தது.
பெட்டியில் துழாவி ஒன்றை எடுத்துக்கொண்டு
மழையில் திரும்பி நடந்தேன்.