நானூற்று முப்பது

ஸெனிட்சாவில் ஆறாவது மாடி.
கீழே எஃகு ஆலை, எதிரே கரி எரிக்கும் கூரைகள்.
நவம்பர் வந்தால் பள்ளத்தாக்குக்கு
மூடி போட்டுவிடும் மூட்டம்.

மூன்று சென்சார் வாங்கினேன்.
கூடத்தில் ஒன்று, அடுப்படியில் ஒன்று,
ஜெனானின் அறையில்
இன்ஹேலர் வைக்கும் தட்டில் ஒன்று.

விடுமுறையின் கடைசி ஞாயிறு
தரையில் உட்கார்ந்து எல்லை வகுத்தேன்:
தூசு முப்பத்தைந்தைத் தாண்டினால்
சுத்திகரிப்பான் தானே ஓடட்டும்.
ஐம்பதென்றால் ஃபஹிராவுக்குச் சொல்.
நூறென்றால் எனக்கும்.
கரியமில வாயு ஆயிரத்தைத் தொட்டால்
"ஜன்னலைத் திற."

"லாரி ஓட்டுகிறவன்
காற்றுக்கும் வேகத்தடை போடுகிறான்" என்றாள்,
குடைமிளகாயை அனலில் புரட்டியபடி.
அப்போதே அடுப்படி தொண்ணூறு.

க்ராஸ் தாண்டி, பஸாவ் தாண்டி,
வரிசையாய் உறங்கும் வண்டிகளுக்கு நடுவே
என் வீடு எண்ணாக வந்து சேரும்.
அடுப்படி 112: வெங்காயம்.
அடுப்படி 240: வெங்காயம் கருகிவிட்டது,
தங்கையோடு போனில் இருக்கிறாள்.
கூடம் 104:
கீழ்வீட்டு வெஹித் இன்றும் ஈரவிறகைத் திணித்திருக்கிறார்.

டிசம்பரில் ஓர் இரவு
ஒரே நிமிடத்தில் இரண்டு செய்தி.
"கரியமில வாயு 1480. ஜன்னலைத் திற."
"வெளியே தூசு 310. ஜன்னலைத் திறக்காதே."
இரண்டையும் எழுதி வைத்தவன் நான்தான்.
ஃபஹிரா அழைத்தாள்:
"இதில் எந்த நீ சொல்வதைக் கேட்க?"
பின்னால் பையன் இருமினான்.
வாசல் கதவைக் கொஞ்சம் திறந்து வை,
மாடிப்படிப் பக்கம், என்றேன்.
"மாடிப்படியில்தான்
எல்லார் வீட்டுப் புகையும் ஏறி இறங்குகிறது."
அதற்குமேல் என்னிடம் பேச்சில்லை.

பிறகு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது.
இரவு பத்துக்கு மேல்
அவன் அறையின் கோட்டை மட்டும் பார்ப்பேன்.
700. 850. 990.
மூடிய அறையில் ஒரு பிள்ளை
மூச்சு விட்டுக்கொண்டே இருந்தால்
ஏறுகிற கோடு.
அது ஏற ஏற எனக்குக் கண் சொருகும்.
மகன் அறையில் காற்று கெடுவதைப் பார்த்து
நிம்மதியாகத் தூங்குகிற தகப்பன்;
இதை யாரிடம் சொல்ல?

ஜனவரி, வெள்ளி. ஹாம்பர்க் துறைமுக வரிசை.
பதினொன்றுக்கு 430.
நள்ளிரவில் 430.
திரை முழுக்கப் பச்சை.
"காற்றின் தரம்: மிக நன்று."

அழைத்தேன். எடுக்கவில்லை.
ஏழு தடவை.
வெஹித்தின் எண் என்னிடம் இல்லை;
பதினோரு வருஷம் அவர் புகையைத் திட்டியிருக்கிறேன்,
எண்ணைக் கேட்டதில்லை.
கண்ணாடியை இறக்கினேன்.
முன்னால் நின்ற வண்டியின் டீசல் உள்ளே வந்தது,
அதைத்தான் இழுத்து இழுத்து விட்டேன்.

ஒன்றரைக்கு அவளே கூப்பிட்டாள்.
ஸ்மெதோவி மலையில், அக்கா வீட்டுக்காரரின் மரக்குடிலில்.
"சாயங்காலம் திடீரென்று கிளம்பினோம்.
மூட்டம் நம் காலுக்குக் கீழே கிடக்கிறது.
சிக்னல் இந்த விறகுக் குவியல் மேல் ஏறினால்தான்.
ஒரு தடவைகூட இருமவில்லை உன் மகன்."
கொஞ்சம் பொறுத்து,
"உன் பெட்டி என்ன சொல்கிறது?"
"வீடு மிக நன்றாக இருக்கிறதாம்."
"ஆளில்லாத வீட்டுக்கு என்ன குறை" என்று சிரித்தாள்.
நான் சிரிக்கத் தாமதமானதை
அவள் கவனித்திருப்பாள்.

விடியுமுன் ஒரு விதி சேர்த்தேன்:
இரவு பத்துக்கு மேல்
அவன் அறை ஐந்நூறுக்குக் கீழே இருந்தால்
எனக்குச் சொல்.

செயலி கேட்டது:
இது தகவலா, எச்சரிக்கையா, அபாயமா?

மூன்றின் மேலும் விரல் நின்றது.
பின்னால் ஹாரன் அடித்தார்கள்.
வரிசை நகர்ந்துவிட்டிருந்தது.