இருபத்தெட்டு நாள் தண்ணீர்

நீடாமங்கலம் மூணாறு தலைப்பில்
ஷட்டர் ஏற்றி இறக்குகிற லஸ்கர் நான்.
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு,
எதற்கு எவ்வளவு என்று போனில் சொல்வார்கள்,
சுற்றுவேன்.
இத்தனை தண்ணீர் பார்த்த கை
மூன்று மில்லிக்கு நடுங்குகிறது.

மகள் பெயர் மங்கையர்க்கரசி.
வருகைப் பதிவேட்டில் கட்டம் தாண்டிப் போகும் பெயர்.
பதினொரு வயசு,
கரும்பலகையில் பாதிக்கு மேல் எட்டாது.
தஞ்சாவூர் டாக்டர் எழுதிக்கொடுத்தது
குப்பியின் அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள்.

ஜெசிந்தா சிஸ்டர் சொல்லித் தந்தாள்:
ரப்பர் மூடியை ஸ்பிரிட்டால் துடை. தானாகக் காயட்டும், ஊதாதே.
தூளின் தலையில் பீய்ச்சாதே,
கண்ணாடியோடு வழியவிடு.
குலுக்காதே அண்ணே, உள்ளங்கைக்குள் உருட்டு.
வயலுக்குத் தண்ணி வைக்கிற மாதிரிதானே என்றேன்.
இல்லை என்றாள்.

இரண்டாம் மாதம் மருந்துக்கடையில் வேறு புட்டி.
'இதுவும் ஸ்டெரைல் வாட்டர்தான் சார்.'
அதே நிறம், அதாவது நிறமே இல்லை.
கலந்தேன். ஆறு ராத்திரி போட்டேன்.
ஏழாம் நாள் சிஸ்டர் லேபிளைப் படித்தாள்.
'இதில பென்சைல் ஆல்கஹால் இல்லையே.
ஒரு தடவை எடுத்துட்டு மிச்சத்தைக் கொட்டற தண்ணி இது.
கிருமியை வளரவிடாதது அது;
தினம் ஊசி இறங்கினாலும் இருபத்தெட்டு நாள் தாங்கும்.'

டியூப்லைட்டில் தூக்கிப் பார்த்தேன்.
கலங்கலையே சிஸ்டர்.
'கலங்கினாத்தான் தெரியுமா, உங்க ஆத்துத் தண்ணி மாதிரி?'

முக்கால் குப்பி மருந்து,
செண்பகவல்லியின் தோடு ஒன்று, கணக்குப் பார்த்தால்.
கொடுத்துவிட்டேன், அவள் கழிவு டப்பாவில் போட்டாள்.
அதற்கப்புறம் நாலு ராத்திரி
பிள்ளை நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.
தூங்கவிடுப்பா என்றாள். காய்ச்சல் வரவில்லை.

இப்போது பிளாஸ்திரியில் தேதி எழுதி ஒட்டுகிறேன்.
போன குப்பி, மேட்டூர் திறந்த அன்றைக்குக் கலந்தது.
இருபத்தெட்டு நாள் முடிந்து தூக்கிப் போட்டபோதும்
கடைமடைக்காரர்கள் போனில் கத்திக்கொண்டிருந்தார்கள்,
இன்னும் வரலையே என்று.
என்ன சொல்ல. திறந்துதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பாலத்துக்கு வந்தவள்
செருப்பைக் கழற்றிவிட்டு
படித்துறை அளவுகல்லில் முதுகை ஒட்டி நின்றாள்.
பாருப்பா.
பார்த்தேன். அரை விரல்கூட இருக்காது.
பென்சிலைப் பிடுங்கி
என் நீர்மட்ட நோட்டில், காலை ஆறு மணிக் கட்டத்தில்,
கோரையாற்றுக்கு நேராக
அவளே எழுதிவிட்டாள்.
அழிக்கவில்லை.
ஏ.இ. கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.