மற்றவை

பதிவேட்டில் எனக்குத் தந்திருக்கும் கட்டங்கள்
மாடு, எருமை, வெள்ளாடு, செம்மறி, கோழி.
நாயை நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுச் சேர்த்தேன்.
பூனை வந்தால் 'மற்றவை'.
மேல்விஷாரத்தில் பூனை வராத நாளில்லை.

மே மாதம். பதினொரு மணிக்கே
கைகழுவும் குழாயில் வெந்நீர் வருகிறது.
அத்தாவுல்லா கைலியில் சுருட்டி எடுத்துவந்தார்:
மிட்டு, சாம்பல் கடுவன், நாலு வயது.
"ரெண்டு நாளா ஒண்ணுக்குப் போவல மேடம்.
மண்ணுத் தட்டுல போயி குந்துது, கத்துது,
எழுந்து வந்து என்னியே பாக்குது."

அவரோடு ஒரு வாசனையும் உள்ளே வந்தது,
சுண்ணாம்பும் ஈரத்தோலும்.
வரிசையில் நின்ற வெள்ளாடு
கயிற்றையும் கயிற்றைப் பிடித்திருந்த பையனையும்
இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டது.
பூனை மட்டும்
அந்தக் கக்கத்துக்குள்தான் முகத்தைப் புதைத்தது.

அடிவயிற்றில் கை வைத்தேன். சாத்துக்குடி.
பிடரித் தோலைக் கிள்ளிப் பார்க்கக் கை நீட்டும்முன்
அவரே கிள்ளித் தூக்கி, விட்டார்.
கூடாரம்போல் நின்றது தோல்.
"பாருங்க, திரும்ப மாட்டேங்குது.
தண்ணி வத்திப்போச்சு."

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றேன்.
"டேனரில செலக்‌ஷன். இருபத்திரண்டு வருசம்.
உண்ணி கடிச்சது, கத்தி பட்டது, வெயில்ல காஞ்சது,
கண்ண மூடிக்கினே சொல்லிடுவேன்."
பிறகு, யாரோ ஒட்டுக் கேட்பதுபோல் குரலைத் தணித்து,
"உசுரோட இருக்கற தோலு
எனக்கு இது ஒண்ணுதான்."

தோல் படிய எத்தனை விநாடி,
எத்தனை சதம் நீர் போயிருக்கும் என்று
எங்களுக்கு ஓர் அட்டவணை உண்டு.
மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
அதன் கடைசி வரிக்குக் கீழே
அவர்கள் எதுவும் எழுதியிருக்கவில்லை.

பூனைக்கான குழாய் சப்ளையில் கிடையாது.
பச்சைக் குழந்தைக்குப் போடும் மஞ்சள் கேனுலாவில்
ஊசியை உருவி எறிந்தால் மிச்சம் போதும்.
மயக்க மருந்து கொஞ்சமாக,
தாங்குமோ தாங்காதோ என்கிற அளவுக்கு.
"பிடிச்சுக்குங்க" என்றேன். பிடித்தார்.
ஒரு நாளைக்கு ஆயிரம் தோல் புரட்டும் கைக்கு
மூன்றரைக் கிலோ கனத்தது.

முனையில் நறநறவென்று இடித்தது.
"பாலாத்துல அள்ளுனது போவ
மிச்ச மணலு இங்கதான் கீது" என்றார் பிச்சாண்டி,
இந்த மருந்தகத்தின் கம்பவுண்டர்,
இடம் பொருள் பார்த்துப் பேசத் தெரியாதவர்.
சலைனைத் தள்ளினேன், இழுத்தேன், தள்ளினேன்.
மின்விசிறி நின்றது. கரண்ட் போயிருக்க வேண்டும்.
அந்த அமைதியில்தான் கேட்டது
எவர்சில்வர் கிண்ணத்தில் முதல் சொட்டு,
அப்புறம் இளஞ்சிவப்பாய்ச் சின்னத் தாரை.

அத்தாவுல்லா அப்படியே உட்கார்ந்தார்,
பின்னால் நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமல்.
நல்லவேளை, மருந்துப் பெட்டி இருந்தது.

குழாயைத் தைத்துக்கொண்டிருக்கும்போது
மிட்டு சீக்கிரமே விழித்து
என் கட்டைவிரலைக் கடித்தது. எலும்புவரை.
அவ்வளவு பலம் இன்னும் மிச்சமிருக்கிறதே என்று
வலியோடு வலியாக ஒரு சந்தோஷம்.

மத்தியானம் சுகாதார நிலையத்தில்
நாய்க்கடி வரிசையில் ஏழாவது ஆளாக நின்றேன்.
நர்ஸ் எழுதிக்கொண்டே கேட்டாள்:
"என்ன கடிச்சுது?"
"பூனை."
"வீட்டுதா, தெருவுதா?"
"தோல் மண்டிக்காரங்க வீட்டுது."
பேனா கொஞ்ச நேரம் கட்டம் தேடியது.

மூன்று நாள் குழாயோடும் சலைனோடும்
வந்து போனார்கள் இருவரும்.
நான்காம் நாள் விடியலில் போன்,
ஷிஃப்டுக்குப் போகும் வழி, பின்னால் லாரிச் சத்தம்:
"மேடம், திரும்புது!
விட்ட ஒடனே திரும்புது!"

எத்தனை தடவை கிள்ளிப் பார்த்தீங்க?

பதில் இல்லை.
லாரி கடந்து போயிற்று.

விடுங்க அதை, தூங்கட்டும்.